கட்டைவிரல் பள்ளம்

கடைத்தெருவில் அவரைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் இல்லை. அவர் பாலிஷ் போட்ட மரத்தில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று ஒரு தச்சர் எப்போதோ சொல்லப்போக, அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரக் குளிர்ச்சிதான். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

மேசை, கட்டில், அலமாரி என்று யாராவது வந்தால் அடுத்த கடையைக் கைகாட்டிவிடுவார். பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் மட்டும்தான் அவருக்கு. உள்ளே இருக்கிற காந்தம், காகிதக் கூம்பு, வயர் எல்லாம் வேறு ஆட்களின் தலைவலி. வெளியே இருக்கிற மரம்தான் இவர் பாடு. மரம் என்றாலும் முழு மரம் இல்லை. உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, அதன் மேல் நகத்தின் கனத்துக்கு ஒரு தேக்கு வெனீர். அந்த நகக் கனத்துக்குள்தான் ஆளின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் தெரிந்தாக வேண்டும். உப்புத்தாளை இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்தால் தேக்கு போய் மரத்தூள் பல்லைக் காட்டும். இருபத்து மூன்று வருஷத்தில் அவரிடம் அப்படிப் பல்லைக் காட்டியது ஒரே ஒரு பெட்டி. அதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவருடைய அக்காதான் தெரு முழுக்கச் சொன்னாள்.

அக்காவும் அதே பட்டறையில்தான் இருந்தாள். பெட்டிகளின் முகப்புத் துணியை இழுத்துப் பிடித்துச் சட்டத்தில் தைப்பது அவள் வேலை. தம்பியைவிட ஏழு வயது பெரியவள். வாய் மட்டும் எழுபது வயது பெரியது என்று தம்பி சொல்வார், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி வந்தது. கூடவே வேனிலிருந்து இறங்கியவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எதிரே நிற்கிறவரிடமும் மூன்றாவது பிளாட்பாரத்துக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினார். இடுப்பு உயரப் பெட்டிகள் இரண்டு. ஒன்று ஜன்னல் வெயிலில் நின்று வெளுத்திருந்தது, மற்றது கருத்திருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று சொன்னால்தான் தெரியும்.

"கல்யாணமான வருஷம் வாங்கினது. என் வீட்டம்மாவுக்குப் பாட்டுதான் எல்லாம். இப்போ அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. வர மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள ரெண்டும் பழையபடி ஆயிடணும். அவளுக்குத் தெரியாம செய்யறேன்."

"செஞ்சிடலாம் சார். வந்து பாத்தா அசந்துடுவாங்க."

"பாக்க முடியாது. கண்ணு போய் நாலு வருஷமாச்சு."

கண்ணாடியின் பார்வை பெட்டிகளின் பக்கம் போய்த் திரும்பியது.

"என்ன யோசிக்கறீங்கன்னு தெரியுது. பாக்க முடியாதவளுக்கு எதுக்கு பாலிஷ்னுதானே? தொட்டுப் பாப்பா. அவ விரலுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது. வீட்டுக்குள்ள நடக்கறதைப் பாத்தா நம்பவே மாட்டீங்க. ஆளே வேணாம். என் கையைக்கூடப் பிடிக்க மாட்டா."

பெருமையாகத்தான் சொன்னார். கடைசி வாக்கியம் மட்டும் முதல் பிளாட்பாரத்தைக்கூடத் தாண்டவில்லை.

அவர் போன பிறகு கண்ணாடி பெட்டிகளைச் சுற்றி வந்தார். மேல் பலகையில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்த வட்டங்கள், கீழ்ப்பக்கம் துடைப்பம் இடித்த தழும்புகள், பின் மூலையில் எலி ருசி பார்த்த இடம். எல்லாம் வழக்கமானவை. கருத்த பெட்டியின் முன் மூலைக்கு வந்ததும் நின்றார். மேல் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெனீரே இல்லை. அடியில் இருந்த மரத்தூள் பலகை சாய்வாகக் குழிந்திருந்தது. மரத்தூள் பலகை உடைந்தால் பிஸ்கட் மாதிரிப் பொலபொலவென்று உதிரும். இது உதிரவில்லை. கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

அக்கா முகப்புத் துணியைக் கழற்ற வந்தவள், அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இது அடிபட்ட இடம் இல்லடா. யாரோ தொட்டுத் தொட்டுத் தேஞ்ச இடம்."

"தேஞ்சிருக்கட்டும். அதுக்குத்தானே நம்மகிட்ட வந்திருக்கு."

"அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னாரே. ஒரு போன் போட்டுக் கேளேன்."

"என்னத்தைக் கேக்கறது?"

"இது வேணுமா வேணாமான்னு."

"கேட்டு, அப்படியே விட்டுடுங்கன்னு சொல்லிட்டா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வழக்கமாக இந்த மாதிரி சந்தர்ப்பத்தில் அவள் வாயை அடைக்க நாலு ஆள் வேண்டும். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உண்மை அதுதான். வெளுத்ததையும் கருத்ததையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவது பெரிய வேலை. ஆனால் அதைச் செய்ய இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். குழிந்த விளிம்பை நிரப்பி, அதன் மேல் தேக்கு ஒட்டி, ஒட்டு தெரியாமல் ரேகையோடு ரேகை சேர்ப்பது தன்னால் மட்டும்தான் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்த வேலையை விட அவருக்கு மனசு வரவில்லை.

மூன்று வாரமும் கண்ணும் கருத்துமாக உழைத்தார். ஸ்பீக்கர்களைக் கழற்றி, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டி வைத்தார். பழைய பூச்சை மருந்து தடவி ஊறவைத்து, தகட்டால் வழித்தார். இரண்டு பெட்டிகளையும் வெறும் மரமாக நிறுத்தி, நிறத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். குழிந்த விளிம்பைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். பள்ளத்தை அடைக்கக் குழைத்த மக்கைத் தகட்டில் எடுத்தவர், அதை நிரப்புவதற்கு முன் தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். அச்சாக உட்கார்ந்தது. விரல் தானாக ஒரு பக்கமாகத் திரும்பியது. பெட்டிக்கு முன்னால், கொஞ்சம் சாய்வாக, எதையோ காட்டுகிற மாதிரி நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு வழியே இல்லை. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மக்கை நிரப்பினார்.

காய்ந்ததும் தேய்த்தார். படகு வடிவத்தில் ஒரு தேக்குத் துண்டு வெட்டி, பசை தடவி, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினார். அரக்குக் கரைசலைப் பஞ்சுப் பொதியில் தோய்த்து எட்டுப் போட்டுப் போட்டு நாற்பது பூச்சு ஏற்றினார். முடித்தபோது அவரே ஒட்டைத் தேட வேண்டியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கண்ணு படற மாதிரி இருக்கு" என்றாள் அவள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பெட்டிகள் வீடு போய்ச் சேர்ந்தன. பெரிய கூடம். ஒரு கோடியில் படுக்கையறை வாசல், எதிர்க்கோடியில் சற்றுத் தள்ளிச் சமையலறை வாசல். பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் பெட்டிகள் சுவரை விட்டு மூன்றடி முன்னால் நிற்க வேண்டும் என்பது ஸ்டேஷன் மாஸ்டரின் சட்டம். அதற்காகத் தரையில் நாடா ஒட்டிக் குறி வைத்திருந்தார். அந்தக் குறி மேல் இம்மி பிசகாமல் நிறுத்தினார்கள். கூடத்தின் நட்டநடுவே வேறு ஒரு சாமானும் இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடறா. நீங்களும் இருக்கணும். அவ தொட்டுப் பாத்து என்ன சொல்றான்னு நீங்க கேக்க வேணாமா?"

வேண்டும்தான். கண்ணாடி ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். எதற்கும் இருக்கட்டும் என்று கருவிப் பையையும் எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். மெலிந்த உருவம், நிமிர்ந்த நடை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உயர்த்தினார்.

"ஸ்பிரிட் வாசனை வருது. யாரு வந்திருக்கா?"

"எல்லாம் சொல்றேன். போய் முதல்ல முகம் கழுவிட்டு வா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம் அவருக்கு.

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா? வாங்க தம்பி, உக்காருங்க. இதோ வந்துடறேன்."

ஒரு சத்தமும் காட்டாத ஆளை எப்படித் தம்பி என்று கண்டுபிடித்தார் என்று கண்ணாடி வியந்துகொண்டிருக்கும்போதே, அந்த அம்மாள் சுவரைத் தொட்டுக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வாசலில் வந்து நின்றார். சுவரை விட்டார். கூடத்தின் நடுவே நாலு எட்டு வைத்தார். தயக்கம் துளியும் இல்லை. வலது கை தானாக இறங்கிக் கருத்த பெட்டியின் முன் மூலையில் உட்கார்ந்தது. இப்போது கருத்தது என்று எதுவும் இல்லை, பழக்கத்தில் சொல்கிறேன்.

கை வழுக்கியது.

திரும்பவும் வைத்தார். கட்டைவிரல் விளிம்பின் மேல் அந்தக் கோடிக்குப் போயிற்று, இந்தக் கோடிக்கு வந்தது. எதுவும் தடுக்கவில்லை. நாற்பது பூச்சின் வழவழப்பு. ஓர் எட்டு முன்னால் வைத்தவர் நின்றார். திரும்பிப் பெட்டியைத் தேடினார். கையில் அகப்பட்டது அடுத்த பெட்டி. அதையும் தடவினார். அதுவும் அதேபோல் இருந்தது. அங்கிருந்து திரும்பியபோது அவர் முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. சமையலறை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"எப்படி இருக்கு? தொட்டுப் பாரு, நல்லாத் தொட்டுப் பாரு. ரெண்டும் புதுசு. உனக்குத் தெரியாமச் செஞ்சேன்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிக்கொண்டே போனார்.

"என்னங்க" என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை. "நான் எங்க நிக்கறேன்?"

ஸ்டேஷன் மாஸ்டரின் வாய் திறந்தபடியே நின்றது. நாலு வருஷத்தில் மனைவி இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று அந்த முகமே சொல்லிற்று.

"ஹால்லதான். பெட்டிக்குப் பக்கத்துல."

"எந்தப் பெட்டி? அந்த ஓரத்துல ஒரு பள்ளம் இருக்குமே, அது எங்க?"

"அதைத்தான் சரி பண்ணியாச்சே. இருந்த இடமே தெரியாது."

அந்த அம்மாள் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். நீரில் இறங்கியவர் கரையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது அந்தப் பிடி.

கண்ணாடியின் கை கருவிப் பையைத் தேடியது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று கால் சொல்லிற்று. போயிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டதைச் செய்து கொடுத்தவர்தானே. அப்படித் தப்பிக்க அவருக்கு மனசு வரவில்லை.

"அம்மா, நான்தான் பாலிஷ் போட்டவன். அது கை பட்டுத் தேஞ்ச இடம்னு எனக்குத் தெரியும். என் விரலை வச்சுக்கூடப் பாத்தேன். எங்க அக்கா கேக்கச் சொன்னா. நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அந்த வேலை எனக்குக் கிடைக்காதுன்னு."



"கோவப்படறதுன்னாகூட நான் முதல்ல உக்காரணும்" என்றார் அந்த அம்மாள். "நாற்காலி எந்தப் பக்கம்னு யாராவது சொல்லுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்தார். கூட்டிப் போய் உட்காரவைத்தவர் பிடித்த கையை விடவில்லை. "இதுக்குப் போய் ஏன் இப்படி? நான் இருக்கேன். இனிமே நான் கூட்டிட்டுப் போறேன். உண்மையைச் சொல்லட்டுமா? நாலு வருஷமா நீ ஒரு தடவை கையைக் குடுன்னு கேக்க மாட்டியான்னு இருந்துச்சு எனக்கு."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"பக்கத்துலயே வந்து நிப்பீங்களே, மூச்சு கேக்குமே." அவர் கணவரின் கையைத் தட்டிக்கொடுத்தார். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் பாத்ரூம் வாசல்ல நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தீங்க. போன் எங்க இருக்கு? அந்தக் கோடியில, கிச்சன் வாசல் ஓரமா. நான் எப்படிப் போனேன்னு நினைக்கறீங்க? உங்க கையைப் பிடிச்சுட்டா?"

ஸ்டேஷன் மாஸ்டரின் பார்வை சமையலறை வாசல் ஓரத்து டெலிபோனுக்குப் போயிற்று.

"முதல்ல அந்த மூலையில கொஞ்சம் பேந்திருந்துச்சு, அவ்வளவுதான். போகும்போதும் வரும்போதும் கட்டைவிரலால தேச்சேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை. விரல் அதுல உக்காந்துச்சுன்னா நகம் காட்டற பக்கமா ஏழு எட்டு வச்சா கிச்சன் வாசல். நீங்க இல்லாத ஒரு நாள் வரும். அன்னைக்கு நான் இந்த வீட்டுல நடக்கணும், யாரு கையையும் எதிர்பாக்காம. அதுக்காகத்தான் தேச்சேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது அதை?"

ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி எதற்காகத் தன் கையைப் பிடிக்கவில்லை என்பது அவருக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததில் பாதி ஆறுதல், பாதி அடி.

கண்ணாடி கருவிப் பையைத் திறந்தார். "அம்மா, அளவு எனக்குத் தெரியும். அதே மாதிரி வெட்டித் தந்துடறேன். அரை மணி நேரம் போதும்."

"அது உங்க விரல் அளவு தம்பி."

பைக்குள் போன கண்ணாடியின் கை நின்றது.

"உளி இருக்கா? என்கிட்ட குடுங்க."

எழுந்து படுக்கையறை வாசலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அங்கிருந்து தனியாக நடந்தார். நாலு எட்டு. கை இறங்கியது. கட்டைவிரல் விழுந்த இடத்தில் கண்ணாடி சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். திரும்பப் போய் நடந்தார். இன்னொரு புள்ளி. புள்ளிகள் ஆளுக்கொரு திசையில் விழுந்தன. பத்தாவது தடவைக்கு மேல்தான் அவை ஒன்றன் பக்கத்தில் ஒன்று நெருங்கின. பதினான்காவது தடவை, "இங்கதான்" என்றார் அந்த அம்மாள், விரலை எடுக்காமலே.

கண்ணாடி பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உளியின் முனை எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்த அம்மாளின் கைக்குக் காட்டினார். முதல் வெட்டு அரக்கின் மேலேயே வழுக்கி, பளபளப்பின் குறுக்கே கோணல்மாணலாக ஒரு கீறல் போட்டது. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்தக் கீறலுக்குக் கண்ணாடி இரண்டு வேளை சாப்பிட்டிருக்க மாட்டார்.

"இன்னும் அழுத்துங்கம்மா" என்றார்.

இரண்டாவது வெட்டில் தேக்கு பெயர்ந்தது. மூன்றாவதில் மக்கு உதிர்ந்தது. படகுத் துண்டு பாதியாக உடைந்து தரையில் விழுந்தது. அவரே ஒட்டைத் தேட வேண்டியிருந்த துண்டு அது. முரட்டு உப்புத்தாளைக் கிழித்து அந்த அம்மாளின் கட்டைவிரலில் சுற்றிக் கொடுத்தார். அவர் தேய்த்தார். விரலைச் சரித்து, ஒரே பக்கமாக, மூச்சு வாங்கும் வரை தேய்த்தார். உள்ளே இருந்த மரத்தூள் வெளியே வந்து பல்லைக் காட்டிற்று. கண்ணாடி கண்களைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று சொல்ல வாயெடுத்தார், ஆனால் யாரும் கேட்கவில்லை.

"போய்ப் பாக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

படுக்கையறை வாசலிலிருந்து வந்தார். கட்டைவிரல் சொரசொரப்பான பள்ளத்தில் விழுந்தது. சிராய் ஏறியிருக்க வேண்டும், முகம் சுளித்தது. விரலை எடுக்காமல் கொஞ்சம் நின்றார். பிறகு நடந்தார். ஒன்று, இரண்டு என்று அவர் உதடு எண்ணிற்று. ஏழாவது எட்டில் தோள் வாசல் நிலையில் இடித்தது. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் பாதி எழுந்தவர், தானாகவே உட்கார்ந்துகொண்டார்.

"வழவழப்பாகணும். அப்போதான் சரியாத் திரும்பும்" என்றார் அந்த அம்மாள், தோளைத் தேய்த்தபடி. "ஒரு வருஷம் ஆகும். கூடவும் ஆகலாம்."

பிறகு கணவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். சரியான பக்கம்தான்.

"அது வரைக்கும் நீங்க இருக்கணும்."

"இருக்கேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அந்தக் குரல் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்குக் கேட்டது.